ஃபெரெட்டுக்கு இரையாக வெள்ளெலி வளர்ப்பது எப்படி? கொழிஞ்சாம்பாறை முதல் பொள்ளாச்சி வரை உள்ளவர்களுக்கு

ஃபெரெட் என்பது கீரிபோல் நீண்ட உடம்புள்ள வளர்ப்பு விலங்கு. அது முழு ஊன் உண்ணி. அதன் குடல் குட்டையானது, பெருங்குடல்வாய்ப் பை அதற்குக் கிடையாது. வாயில் போனது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் வைத்து அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சோறும் பாலும் பிஸ்கட்டும் கொடுத்து வளர்த்தால் சில வருடங்களில் உடம்பு கெடும். தோல், எலும்பு, ஈரல், இதயம் எல்லாம் சேர்ந்த முழு எலிதான் அதன் உடம்புக்கு ஏற்ற சாப்பாடு. சுண்ணாம்புச் சத்தும் டாரின் என்ற அமினோ அமிலமும் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டிய தேவையில்லாமல் அதிலேயே இருக்கின்றன.

வயலில் பொறி வைத்துப் பிடித்த எலியைக் கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்து நெல் வயல்களிலும் தென்னந்தோப்புகளிலும் எலிமருந்து வைப்பது வழக்கம். புரோமடியோலோன் என்ற எலிமருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, நான்கைந்து நாள் நடமாடும். அதைத் தின்ற ஃபெரெட்டுக்கு ரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசியத் தொடங்கும். எலிக்காய்ச்சல் கிருமி வேறு வயல் எலியின் சிறுநீரில் இருக்கலாம். அது உங்களுக்கும் தொற்றும். ஆகவே இரை எலியை வீட்டில் பிறந்து வளர்ந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு

எத்தனை எலி வேண்டும் என்று பார்க்காமல் ஜோடி வாங்கி வருவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒரு கிலோ எடையுள்ள ஃபெரெட் முழு இரையாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 80 முதல் 100 கிராம் தின்னும். ஐந்து வார வயதுள்ள வெள்ளெலி, அதாவது ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் சிறிய வெள்ளைச் சுண்டெலி, 20 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். அப்படியானால் நாளுக்கு நான்கு, மாதத்துக்கு 120 எலி. ஒரு ஆணும் இரண்டு பெண்ணும் உள்ள பெட்டியிலிருந்து, இழப்புகளைக் கழித்தால், மாதம் 12 குட்டி தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 எலிக்குப் பத்து பெட்டிகள் வேண்டும். வேலைக்குப் போகிற ஒருவர் பத்து பெட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது கஷ்டம்.

வாரத்தில் இரண்டு நாள் எலி, மற்ற நாட்களில் காடை, கோழிக் கழுத்து, கோழி இதயம், ஈரல், நல்ல தரமான ஃபெரெட் அல்லது பூனைக்குட்டித் தீவனம் என்று வைத்தால் வாரம் எட்டு எலி போதும். மாதம் 35. அதற்கு மூன்று பெட்டிகள். ஒரு ஃபெரெட் வைத்திருக்கும் வீட்டுக்கு இதுதான் சரியான அளவு. தொடக்கத்தில் இதற்கு மேல் போக வேண்டாம். எலி பெருகும் வேகத்துக்கு உறைபெட்டியும் ஈடுகொடுக்காது, மனசும் ஈடுகொடுக்காது.

மூன்று இனப்பெருக்கப் பெட்டிகள், பால் மறந்த குட்டிகளுக்கு ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்றாக இரண்டு பெட்டிகள், புதிதாக வருபவற்றைத் தனியே வைக்க ஒன்று. ஆக மொத்தம் ஆறு. தீவனம் மாதம் சுமார் 5 கிலோ செல்லும்.

இடம்

எலி அறையும் ஃபெரெட் அறையும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஃபெரெட்டின் வாசனை எலிக்கு எமன் வாசனை. அது மூக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் தாய் எலி குட்டியைக் கவனிக்காது, பல சமயம் தின்றுவிடும். பாலக்காட்டுக் கணவாயில் இருப்பவர்கள் காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்கிலிருந்தும் பலமாக வீசும். ஃபெரெட் கூண்டை வீட்டின் கிழக்கிலோ மேற்கிலோ வைத்து எலியை நேர் எதிர்ப்புறம் வைத்தால் வருடத்தில் பாதி நாள் வாசனை அடித்துக்கொண்டே இருக்கும். வடக்கும் தெற்குமாகப் பிரித்து வைப்பது நல்லது. ஃபெரெட்டைத் தொட்டுவிட்டு எலிப் பெட்டியில் கை வைக்காதீர்கள். முதலில் எலி வேலை, அப்புறம் ஃபெரெட். இந்த வரிசையை மாற்ற நேர்ந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எலிக்கு ஏற்ற வெப்பம் 20 முதல் 26 டிகிரி. 30-ஐத் தாண்டினால் ஆணின் விந்து பலவீனமாகும், ஈற்றில் குட்டி குறையும். 36-க்கு மேல் போனால் சாவு. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுச் சமவெளி 40 டிகிரியை நெருங்கும் என்பதால் தகரக் கொட்டகையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஆகாது. ஓட்டு வீட்டின் தரைத்தள அறை, வெயில் நேராக விழாத வடக்குப் பக்கம் சிறந்தது. கோழிப் பண்ணைக்காரர்கள் செய்வதுபோல் ஜன்னலில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்து வைக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துணியில் சுற்றிப் பெட்டி மூடிமேல் மதியம் வைத்தால் உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறையும். சாக்கை நனைப்பது வறண்ட மாதத்தில் மட்டும். மழைக்காலத்தில் நனைத்தால் பூஞ்சைக்குத்தான் உதவும்.

இரும்பு ராக்கின் நான்கு கால்களையும் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு ஒரே இரவில் ஒரு ஈற்றை முடித்துவிடும். பிறந்த குட்டியின் தோல் அவ்வளவு மென்மை. கிண்ணத்தில் தூசி படிந்து பாலம்போல் ஆகிவிட்டாலும் எறும்பு ஏறும், ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ராக் சுவரைத் தொடக் கூடாது. எறும்புச் சாக்கட்டி, கொசுவத்தி, பூச்சி ஸ்பிரே எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம்.

எலி வாசனைக்குச் சாரையும் நல்ல பாம்பும் தேடி வரும். ஜன்னல், சாக்கடைத் துளை, கதவடி இடுக்கு எல்லாவற்றையும் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷால் அடையுங்கள். அதே வலை வீட்டுச் சுண்டெலியையும் மூஞ்சூறையும் வெளியே நிறுத்தும். அவை நோயைக் கொண்டுவருபவை.

பெட்டியும் கூளமும்

ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடைகளில் 41 × 28 × 15 செ.மீ. அளவில் பாலிபுரொப்பிலீன் கூண்டு, எஃகுக் கம்பி மூடியோடு கிடைக்கும். ஆய்வுக்கூடத்துப் பெரிய வெள்ளை எலிக்கென்று (ராட்) செய்தது. ஒரு ஆண், இரண்டு பெண் வெள்ளெலிக்கு இது சரியாக இருக்கும். விலை அதிகம் என்றால் 60 × 40 × 30 செ.மீ. பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, மூடியின் நடுவை அறுத்தெடுத்து, மெஷ்ஷை நட்டுபோல்ட்டால் பொருத்துங்கள். பசை போட்டு ஒட்டினால் கடித்துப் பிரித்துவிடும். உயரமான பெட்டியில் அடியில் அம்மோனியா தேங்கும். அதனால் பக்கவாட்டிலும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மெஷ் ஜன்னல் வையுங்கள்.

கூளத்தில் பலரும் சறுக்குவார்கள். இங்கே நெல் உமி மலிவு, ஆனால் அது ஈரத்தை உறிஞ்சாது. முனையும் கூர்மை. தென்னை நார்த் துகள் பொள்ளாச்சிப் பக்கம் ஏராளம். கழுவி, நன்றாகக் காயவைத்துச் சலித்தது என்றால் ஈரம் பிடிக்கும், வாசனையும் அடங்கும். சலிக்காமல் போட்டால் தூசி நுரையீரலுக்குப் போய்த் தும்மல் தொடங்கும். கேரளத்தில் எளிதாகக் கிடைக்கும் ரப்பர் மர இழைப்புச் சீவலை வாங்கவே வேண்டாம். அந்த மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்கப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பார்கள். பிளைவுட் தூளில் பசையின் ஃபார்மால்டிஹைடு இருக்கும். சலித்த நார்த் துகள் இரண்டு பங்கு, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் ஒரு பங்கு, மூன்று செ.மீ. உயரத்துக்குப் போடுவது நம் பகுதிக்குப் பொருந்தும். அதன்மேல் கிழித்த செய்தித்தாள் ஒரு கைப்பிடி. அதைக் கொண்டு கூட்டை எலியே கட்டிக்கொள்ளும்.

கூட்டுக்குச் சிரட்டை போல வேறொன்றில்லை. கண்ணில்லாத அரை மூடியில் ஓரமாக மூன்று செ.மீ. வாசல் அறுத்து, உள்ளே ஒட்டிய தேங்காயை முழுவதும் சுரண்டி, வெயிலில் காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள். தேங்காய் மிச்சம் இருந்தால் எறும்பும் பூஞ்சையும் வரும். மண்சட்டி குளிர்ச்சிதான், ஆனால் எலி அடியில் தோண்டும்போது சரிந்து குட்டிமேல் உட்கார்ந்துவிடும். சிரட்டை லேசு, அழுக்கானால் எரித்துவிட்டு வேறு வைக்கலாம்.

தண்ணீர், தீவனம்

கோலி வைத்த முனைக்குழாய் பாட்டில்கள், 250 மி.லி., பெட்டிக்கு இரண்டு. ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்று இருக்கும். தண்ணீர் இல்லாத தாய் ஒரே நாளில் குட்டியைத் தின்னும். முனை கூளத்திலிருந்து நான்கு செ.மீ. மேலே இருக்க வேண்டும். கூளம் முனையைத் தொட்டால் பாட்டில் முழுவதையும் உறிஞ்சிவிடும். காலையில் பார்த்தால் குட்டிகள் ஈரத்தில் குளிர்ந்து செத்திருக்கும். தினமும் விரலால் கோலியை அழுத்தித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். நீர்மட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வளர்ந்த எலி நாளொன்றுக்கு 4 முதல் 5 கிராம் தீவனமும் 5 முதல் 7 மி.லி. தண்ணீரும் எடுக்கும். பாலூட்டும் தாய்க்கு இது இரண்டு, மூன்று மடங்காகும். ஒரு கிலோ கலவைக்கு:

முழுக் கோதுமை 400 கிராம்
நாய்க்குட்டி உலர் தீவனம் 250 கிராம்
கம்பு 150 கிராம்
பொட்டுக்கடலை 150 கிராம்
சூரியகாந்தி விதை 50 கிராம்

இதில் புரதம் ஏறக்குறைய 17 சதவீதம் வரும். பாலூட்டும் பெட்டிக்கு வாரம் இரண்டு முறை அவித்த முட்டையில் கால் பங்கு, ஒரு முருங்கைக் கொத்து. முட்டை மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நிலக்கடலையைச் சேர்க்காமலிருப்பது பாதுகாப்பு. மழை மாதங்களில் அதில் பிடிக்கும் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், கண்ணுக்கும் தெரியாது. பிராய்லர் ஸ்டார்ட்டர் தீவனம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்க அதில் மருந்து கலந்திருப்பார்கள். அந்த மருந்து எலி வழியாக ஃபெரெட்டுக்குப் போக வேண்டாம். எலிக்கு நல்லது கொடுத்தால்தான் ஃபெரெட்டுக்கு நல்லது கிடைக்கும். கெட்டுப்போன அரிசியும் பழைய ரொட்டியும் போட்டு வளர்த்த எலி, தோல் போர்த்திய மாவு உருண்டைதான்.

வாங்குவதும் சேர்ப்பதும்

இரண்டு வேறு கடைகளிலிருந்து வாங்குங்கள், ஆண் ஓரிடம் பெண் ஓரிடம். எட்டு முதல் பத்து வார வயது, பளபளப்பான ரோமம், ஒழுகாத கண், நிமிர்ந்த தலை. காதருகே பிடித்துக் கேளுங்கள். மூச்சில் டிக் டிக்கென்று சத்தம் வந்தால் அது நுரையீரல் தொற்று, அந்தக் கடையிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். ஆண் பெண் அறிய, ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். ஆணுக்கு அது பெண்ணைப் போல் இரண்டு பங்கு. குட்டியிலேயே பார்க்க வேண்டுமானால் ஒன்பதாம் நாள் பொருத்தமான நாள். அடிவயிற்று ரோமம் அடர்வதற்கு முன், பெண் குட்டிக்குக் காம்பு வரிசை புள்ளியாகத் தெரியும்.

மூன்று வாரம் தனி அறையில் வைத்துப் பாருங்கள். இது நீண்ட காலம்போலத் தோன்றும். ஆனால் ஒரு பெட்டியில் வந்த உண்ணி எல்லாப் பெட்டிக்கும் பரவினால் மூன்று மாதம் போய்விடும்.

பெண்களைத்தான் ஆண் இருக்கும் பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பெட்டியில் ஒரு ஆண்தான். இனம் சேர்ந்த இரண்டு ஆண்களைச் சேர்த்து வைத்தால் வாலையும் விரைப்பையையும் கடித்துக் கிழித்துக்கொள்ளும்.

பெண்ணுக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். ஆண் இல்லாமல் பெண்களை மட்டும் கூட்டமாக வைத்திருந்தால் அந்தச் சுழற்சி அடங்கிப்போகும். பிறகு ஆணின் மூத்திர வாசனை பட்டதும் மூன்றாம் நாளையொட்டிப் பலவும் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். இதை நமக்குச் சாதகமாக்கலாம். சேர்ப்பதற்கு மூன்று நாள் முன்பே ஆணின் அழுக்குக் கூளத்தில் ஒரு கைப்பிடி பெண்கள் பெட்டியில் போட்டுவிட்டால் ஈற்றுகள் ஒரே வாரத்தில் விழும். இதன் மறுபக்கமும் உண்டு. இனம் சேர்ந்த சில நாட்களுக்குள் வேறொரு ஆணைக் கொண்டுவந்தால் தரித்த கரு கலைந்துபோகலாம். ஆகவே ஆணை மாற்றுவதென்றால் பெண்கள் குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் பால் மறந்த பிறகு மாற்றுங்கள்.

சினைக்காலம் 19 முதல் 21 நாள். பதினான்காம் நாளில் வயிறு பக்கவாட்டில் பேரிக்காய் போலப் புடைக்கும். அதற்குப் பிறகு வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம், இரண்டு கையாலும் அள்ளுங்கள். ஒரு ஈற்றில் 6 முதல் 12. குட்டி போட்ட ஒரு நாளைக்குள்ளேயே ஆண் இருந்தால் மறுபடி சினையாகிவிடும். பால் கொடுத்துக்கொண்டிருப்பதால் அந்தக் கரு பதிவது தள்ளிப்போய் அடுத்த ஈற்று 25 நாளுக்கு மேலும் ஆகலாம். மூன்று வாரம் தாண்டியும் போடவில்லையே என்று பதற வேண்டாம்.

ஆணை நிரந்தரமாக விடுவதா, பிரித்தெடுப்பதா? புதியவர்களுக்கு விட்டுவைப்பதே எளிது. இரண்டு தாய்களும் ஒரே சிரட்டையில் சேர்ந்து பாலூட்டும். ஆனால் 21-ஆம் நாள் மூத்த குட்டிகளைப் பிரித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவை அடுத்த ஈற்றின்மேல் மிதித்து, பாலையும் பிடுங்கிக்கொள்ளும். சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கவிட்டு, பெட்டி எண்ணும் ஈற்று நாளும் குட்டி எண்ணிக்கையும் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாதவர்கள் மூன்றே மாதத்தில் எது யார் குட்டி என்று தெரியாமல் நிற்பார்கள்.

பிறந்த குட்டி ஒன்று, ஒன்றரை கிராம் இருக்கும். தோலுக்குள் வயிற்றில் வெள்ளையாகப் பால் தெரிந்தால் நல்லது. நான்காம் நாளையொட்டிக் காது விரியும், ஒரு வாரத்தில் ரோமம், 12 முதல் 14-ஆம் நாளுக்குள் கண் திறக்கும். அதன்பின் தத்தித் தாவும். நான்கு வாரத்துக்குள் ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் வேறு பெட்டிகளுக்கு மாற்றுங்கள். ஐந்து வாரத்திலேயே சினைப்படக் கூடியவை அவை.

கூளத்தை வாரம் ஒருமுறை மாற்றும்போது பழைய கூட்டுத்தாளில் ஒரு கைப்பிடியைத் திரும்ப வையுங்கள். முழுவதும் துடைத்தெடுத்தால் ஆண் தன் வாசனையைத் திரும்பப் பதிக்க இரண்டு மடங்கு மூத்திரம் அடிக்கும். வாசனை குறையாது, கூடும். ஈற்றுக்கு மூன்று நாள் முன்பிருந்து ஈன்ற ஆறாம் நாள்வரை பெட்டியைத் தொட வேண்டாம். தண்ணீர், தீவனம் மட்டும். பெண்ணுக்கு எட்டு மாதமானால் ஓய்வு கொடுங்கள். ஈற்று சிறுத்துவிடும், அவளுக்கும் பாரம்.

கோடைக்கு முன்யோசனை

மார்ச் முதல் மே வரை இந்தப் பகுதியில் இனப்பெருக்கமே வேண்டாம். பிப்ரவரி பத்தாம் தேதிக்குள் ஆண்களைப் பிரித்துத் தனித்தனியாக வையுங்கள். கடைசி ஈற்று மார்ச் தொடக்கத்தில் விழுந்து மாதக் கடைசிக்குள் பால் மறக்கும். வெயில் உச்சத்தில் பெட்டியில் பாலூட்டும் தாய் இருக்க மாட்டாள். கோடைக்கும் ஜூன், ஜூலைக்கும் சேர்த்து, குளிர்மாதங்களில் கிடைப்பதில் ஒரு பங்கை உறைபெட்டியில் சேமித்துக்கொண்டே வாருங்கள். மாதம் 35 என்று மூன்று மாதத்துக்கு 105 எலி, இரண்டரைக் கிலோ அளவு. ஒரு சின்ன உறைபெட்டிக்கு அது பெரிதல்ல. அதற்கு மேல் ஆகும் நாட்களைக் காடையும் கோழியும் ஈடுசெய்யும். மின்சாரம் அடிக்கடி போகும் ஊரானால் எலிப் பைகளுக்கு இடையே உறைந்த தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வையுங்கள்.

அந்தக் கடைசி ஈற்றிலிருந்தே நல்ல பெண்களைத் தேர்ந்து வையுங்கள். பெரிய ஈற்றில் பிறந்து, எல்லாக் குட்டியையும் வளர்த்த சாந்தமான தாயின் பெண்கள். மழை விழுந்து காற்று குளிர்ந்த ஜூன் மாதம் அவற்றுக்கு மூன்று மாதமாகியிருக்கும், சேர்ப்பதற்குச் சரியான வயது. ஆணை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து கொண்டுவாருங்கள்.

குட்டிகள் காணாமல் போனால், மற்றவை

தாய் குட்டியைத் தின்றாள் என்றால் அவளைத் திட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்: பாட்டில் அடைத்ததா, யாராவது சிரட்டையைத் தூக்கிப் பார்த்தார்களா, பக்கத்தில் கல்யாண மண்டப வெடியோ மிக்ஸிச் சத்தமோ கேட்டதா, புரதம் குறைவா, அறை 32 டிகிரியைத் தாண்டியதா. முதல் ஈற்றில் சிலது தின்னும், மன்னித்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் இரண்டாவது ஈற்றிலும் தின்றால் அவளை மாற்றுங்கள்.

சேர்த்து முப்பது நாளாகியும் வயிறு தெரியாவிட்டால் முதலில் வெப்பத்தையும், அடுத்து ஆணையும் சந்தேகியுங்கள். முகத்து ரோமம் மட்டும் மழித்தாற்போல் இருந்து, புண் இல்லாவிட்டால், கூட இருக்கும் எலி கடித்து மழிக்கிறது. ரோமம் முழுதாக உள்ள எலிதான் குற்றவாளி. சொறிந்து புண்ணானால் உண்ணி. ஐவர்மெக்டின் அளவை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும். கண்ணளவாகப் போட்டால் 30 கிராம் உடம்பு தாங்காது. தலை சாய்ந்து சுற்றும் எலியை, மூச்சிரைக்கும் எலியை, கழிச்சல் உள்ள எலியை ஃபெரெட்டுக்குக் கொடுக்கவே கூடாது, அந்தப் பெட்டியின் மற்ற எலிகளையும்.

மனிதர் பக்கம்: கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டே கூளத்தை மாற்றுங்கள். எலி மூத்திரத்தின் புரதம் ஒவ்வாமையையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும். கர்ப்பிணிகள் எலி அறைக்குப் போக வேண்டாம். எலி வழியாக வரும் ஒரு வைரஸ் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. பழைய கூளத்தைத் தென்னைக் குழியில் போட்டு மண் மூடுங்கள், காய்கறிப் பாத்தியில் வேண்டாம். எலியை விற்கத் தொடங்கினால், 2018-இன் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும்.

கொல்வது

உயிருள்ள எலியை ஃபெரெட் கூண்டில் விடாதீர்கள். எலிக்கு அது தேவையற்ற வதை, 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கும் நேர் எதிர். மூலையில் மாட்டிய எலி ஃபெரெட்டின் கண்ணையும் உதட்டையும் கடிக்கும். உயிரோடு உறைபெட்டியில் வைப்பதும், தண்ணீரில் அமுக்குவதும் கொடுமை. செய்யவே கூடாது.

சரியான வழி சிலிண்டரிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு. சோடா உப்பும் வினிகரும் கலந்து வாயு உண்டாக்குவதில் அளவு கட்டுப்படாது, அமிலத் துளியும் தெறிக்கும். மீன்தொட்டிச் செடிக்கு வைக்கும் ரெகுலேட்டரும் போதாது, அது குமிழி கணக்கில்தான் விடும். வெல்டிங் பட்டறைகளில் பயன்படும் ஃப்ளோ மீட்டர் நிமிடத்துக்கு 25 லிட்டர் வரை காட்டும், அது வேண்டும்.

1. மூடியுள்ள 20 லிட்டர் ஒளிபுகும் பெட்டியில் அதே பெட்டியின் பழைய கூளத்தைப் பரப்பி, ஒன்றாக வளர்ந்தவற்றை மட்டும் வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.
2. நிமிடத்துக்குப் பெட்டிக் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம், அதாவது 6 முதல் 14 லிட்டர் வீதம் வாயுவை விடுங்கள். முன்கூட்டியே வாயு நிரப்பிய பெட்டியில் எலியைப் போட்டால் மூக்கெரிந்து துடிக்கும்.
3. மூச்சு நின்ற பிறகும் குறைந்தது ஒரு நிமிடம் வாயு ஓடட்டும். நிறுத்திப் பத்து நிமிடம் மூடியே வையுங்கள்.
4. ஒவ்வொன்றையும் எடுத்து நெஞ்சுத் துடிப்பில்லை, கண்ணைத் தொட்டால் இமைக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

பிறந்து பத்து நாளுக்குள் உள்ள குட்டிக்கு இந்த வாயு எளிதில் வேலை செய்யாது, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஆகவே இரை எலியை நான்கு, ஐந்து வாரம் வளர்த்தே எடுங்கள். செந்நிறக் குட்டியில் எலும்பும் இன்னும் முற்றியிருக்காது, ஃபெரெட்டுக்கும் அதனால் பெரிய பயனில்லை. முதல் முறை கால்நடை மருத்துவர் ஒருவர் பக்கத்திலிருந்து காட்டிக்கொடுக்கட்டும்.

உடம்பு ஆறியதும் நான்கு நான்காகப் பையிலிட்டு, தேதி எழுதி, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஃபெரெட்டின் முன் வைப்பது

முந்தின இரவே உறைபெட்டியிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் எடுத்துவைத்துக் கரைய விடுங்கள். கொடுக்கும் முன் பையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் வயிறு வெடிக்கும், உள்ளே ஓரிடம் வெந்தும் ஓரிடம் உறைந்தும் இருக்கும்.

உலர் தீவனத்திலேயே வளர்ந்த ஃபெரெட்டுக்கு எலி சாப்பாடென்றே தெரியாது. குட்டி வயதில் பழகிய வாசனையைத்தான் அது உணவென்று ஏற்கும். எலியின் வயிற்றைக் கீறி, மேலே முட்டை மஞ்சள் கருவையோ கோழிக் கொழுப்பையோ தடவி, வழக்கமான தீவனத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம் அப்படியே, அடுத்த வாரம் கத்தரித்த துண்டு, பிறகு முழுசு. பசித்தால் தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு விட்டால் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், நடுவயது தாண்டியவற்றில் இது ஆபத்து.

தின்றது போக மிச்சத்தைச் சோபாவுக்கடியிலும் துணிக்கூடையிலும் கொண்டுபோய் ஒளித்துவைப்பது அதன் குணம். இந்த ஊர் வெயிலில் மூன்று மணி நேரத்தில் அது கெட்டுவிடும். ஆகவே எலி கொடுக்கும் நாளில் கூண்டுக்குள்ளேயே வைத்து, எத்தனை கொடுத்தீர்கள் என்று எண்ணி, இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எண்ணி எடுங்கள். மறுநாள் கழிவு கருத்து, ரோமத்தோடு இறுகி இருந்தால் சரி. பச்சையாகச் சளிபோல் இரண்டு நாள் தொடர்ந்தால் எலியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் எடுத்துச்செல்லுங்கள், கழிவில் கொஞ்சம் ஒரு டப்பாவில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.